38,500 ரூபாய் கொடுத்து ஜெர்மனி பார்த்த கதை: போர்வெல் வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு, பழைய சாமான் விற்கிற அந்தச் செயலியில் அதே விளம்பரத்தை மறுபடியும் பார்த்தேன். அதே படம். மூடியின் மேல் அதே கீறல். 'முரட்டு லேப்டாப், உள்ளேயே ஜிபிஎஸ், இந்தியா முழுக்க மேப், நெட் தேவையில்லை.' அந்தக் கீறல் விழுந்த லேப்டாப் என் மேசை மேல் கிடக்கிறது. பிறகு எதை விற்கிறாராம்? அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஆள் ஏமாறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

திருச்செங்கோட்டில் எனக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வெல் வண்டி ஒரு செட். துளை போடுகிற ரிக் ஒன்று, கூடவே போகிற சப்போர்ட் லாரி ஒன்று. இந்த ஊரில் பத்து செட், இருபது செட் வைத்திருக்கிற முதலாளிகள் உண்டு. நான் அந்த வகை இல்லை, மாசம் பிறந்தால் தவணை கட்டுகிறவன். வருஷத்தில் பாதி நாள் வண்டி சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று சுற்றும். உள்ளே காட்டு வழியில் போனால் சிக்னல் இருக்காது, ஏஜென்ட் சொன்ன வழி ஒன்று, லாரி போகிற வழி வேறொன்று. மேனேஜர் கையில் கொடுத்த போன் புழுதியிலும் அதிர்விலும் போன வருஷம் மட்டும் மூன்று செத்தது. அதுவும் போக, எந்தப் பாயிண்டில், அதாவது துளை போடுகிற இடத்தில், எத்தனை அடி ஓட்டினோம், கேசிங் குழாய் எத்தனை அடி, தண்ணி எத்தனையாவது அடியில் வந்தது என்பதையெல்லாம் இடத்தோடு சேர்த்துப் பதிந்து வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதனால்தான் கீழே போட்டாலும் உடையாத, வெயிலில் திரை தெரிகிற லேப்டாப் தேடினேன். பானசோனிக் டஃப்புக் என்று ஒன்று வரும், ராணுவத்திலும் சர்வே வேலையிலும் பார்த்திருப்பீர்கள். புதுசு வாங்க நமக்குக் கட்டாது. பழசு.

விளம்பரம் போட்டிருந்தது கோவையில் பழைய லேப்டாப் வாங்கி விற்கிற ஒரு கடை. பேர் சொல்லப் போவதில்லை. நேரிலேயே போனேன். பையனுக்கு முப்பது வயசு இருக்கும், "வாங்க்ணா, உட்காருங்க்ணா" என்று அத்தனை மரியாதை. காபி வாங்கிக் கொடுத்தான். எங்க ஊர்ப் பக்கம் சொந்தம் இருக்கிறதாம், வைகாசி விசாகத் தேருக்கு வருஷா வருஷம் வருவானாம். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து ஒரு மேப் போட்டான். நீலப் புள்ளி ஒன்று சரியாக அந்தக் கடை இருக்கிற தெருவிலேயே வந்து நின்றது. "பாருங்க்ணா, உள்ள ஜிபிஎஸ் இருக்குது. நீங்க சத்தீஸ்கர் காட்டுல நின்னாலும் இதே மாதிரி நிக்கும்."

அந்தப் புள்ளிதான் என்னைக் கவிழ்த்தது. கண்ணால் பார்த்த பிறகு என்ன சந்தேகம்? கடையில் வைஃபை ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. சுற்றியிருக்கிற வைஃபைகளை வைத்தே இடத்தைக் கணித்துவிடுமாம், ஜிபிஎஸ் என்ற பொருளே அதற்குள் இருக்க வேண்டியதில்லை. இது எனக்குத் தெரிய வந்தது பணம் போய்ப் பதினோரு நாள் கழித்து.

கணக்கு இதுதான். லேப்டாப் 31,000. 'நேவிகேஷன் சாப்ட்வேர் லைசென்ஸ்' 6,000. 'ஆல் இந்தியா மேப், ஒரு வருஷத்துக்கு' 1,500. மொத்தம் 38,500 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டா பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி ஏறும்ணா, உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். எனக்கு நல்லது செய்கிறான் என்றே நினைத்துக்கொண்டேன். பணம் ஜிபேயில் போனது, அதுவும் வேறு யாரோ ஒரு பெண் பேருக்கு. சாப்ட்வேர் ஏற்ற ஒரு நாள் ஆகும் என்றான், மறுநாள் பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது.

முதல் ஓட்டம் பக்கத்திலேயே, அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் ஒரு தோட்டத்துப் பாயிண்ட். தாமரைக்கரை தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. சரி, இதற்குத்தானே வாங்கினோம் என்று மேனேஜர் சப்போர்ட் லாரியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். மேப் வந்தது. ரோடும் தெருவும் நெருக்கமாகப் பளபளவென்று வந்தது. மலையில் ஏதுடா இத்தனை தெரு என்று அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்: "மா... ரி... யன்... பிளாட்ஸ்." மாரியம்மன் கோயில் பக்கம் ஏதோ மனைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் போல என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. மழை வரும்போல இருந்தது, லாரியைத் திருப்ப இடமில்லை, தோட்டக்காரர் எதிர்முனையில் காத்துக் கிடக்கிறார். வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர ரெண்டரை மணி நேரம் கூடுதல்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போன் போட்டேன். "முதல் தடவை சாட்டிலைட் பிடிக்க நேரமாகும்ணா, வெட்ட வெளியில வைங்க." வைத்தேன். களத்தில் கட்டிலைப் போட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு ரெண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாரியன்பிளாட்ஸ்தான். மறுநாள், "மேகமா இருக்குதுங்ணா, அதான்." அதற்கடுத்த நாள், "டிரைவர் அப்டேட் பண்ணணும்ணா, ஆள் ஊருக்குப் போயிருக்கான்." அப்புறம், "உங்க பசங்க எதையோ அமுக்கிட்டாங்க." அப்புறம், "சாப்ட்வேர் கம்பெனில டிக்கெட் போட்டிருக்கேன்." ஏழாம் நாள் நேரில் போனேன். கடையில் வேறு ஒரு பையன். ஓனர் பெங்களூர் போயிருக்கிறாராம். காபி எல்லாம் இல்லை. எட்டாம் நாளில் இருந்து என் நம்பருக்கு ரிங்கே போகவில்லை. 38,500 ரூபாய் வாங்குகிற வரைக்கும் ஒரு மணி நேரத்தில் நாலு தடவை "எங்க வந்திட்டீங்க்ணா" என்று கூப்பிட்டவன்.

பதினோராம் நாள் என் அக்கா மகன் ஊருக்கு வந்தான். பெருந்துறைப் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிறான். அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஸ்பெஷல் நேவிகேஷன் சிஸ்டம் என்று கடைக்காரன் சொன்னது லுபுண்டு என்கிற லினக்ஸ், விண்டோஸ் மாதிரி லேப்டாப்பை ஓட்டுகிற சிஸ்டம். சும்மா கிடைப்பது. ஆறாயிரம் ரூபாய் லைசென்ஸ் சாப்ட்வேர், பேரை மட்டும் மாற்றி ஐகான் போட்ட நேவிட் என்கிற வழிகாட்டும் புரோகிராம். அதுவும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டிருப்பது. அதை ஏற்றினால் கூடவே ஒரு மாதிரி மேப் வருகிறது. அது ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்கானது, மாரியன்பிளாட்ஸ் என்பது அந்த ஊர் நடுவில் இருக்கிற சதுக்கம். திறக்கிறபோது நிற்கிற இடமும் மியூனிக் என்றே அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கிறது. வண்டி இருக்கிற இடம் அதற்குத் தெரியாவிட்டால் அங்கேயே நிற்கும். கடைக்காரன் அதை மாற்றக்கூட மெனக்கெடவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆல் இந்தியா மேப் உள்ளே இல்லவே இல்லை. இருந்திருந்தாலும் அது 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர் உலகத்து ஜனங்கள் சேர்ந்து வரைந்து இலவசமாக விட்டிருப்பது, வருஷச் சந்தா எல்லாம் கிடையாது.

சரி, ஜிபிஎஸ்? ரிசீவரில் இருந்து வருகிற தகவலை வாங்கிக் கொடுக்க ஜிபிஎஸ்டி என்று ஒன்று ஓடுமாம். (கடைக்காரன் பயந்த ஜிஎஸ்டி வேறு.) அதை ஓட்டி சிஜிபிஎஸ் என்ற திரையைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை, வெறுமையாக நின்றது. பயாஸில், அதாவது லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கிற அமைப்புத் திரையில், போய்ப் பார்த்தான், ஜிபிஎஸ் என்று ஒரு வரியே கிடையாது. இந்த மாடலில் ஜிபிஎஸ், வாங்குகிறவர் கேட்டால் கம்பெனியில் வைத்துக் கொடுக்கிற பாகம். எல்லா லேப்டாப்பிலும் இருக்காது. என்னுடையதில் இல்லை. 'ஜிபிஎஸ்' என்று மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான், உரிந்து வந்துவிட்டது. பிரிண்டரில் எடுத்து ஒட்டியது!

முதல் தடவை நேரமாகும் என்பது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையையும் வானத்தில் இருந்து வாங்கப் பன்னிரண்டரை நிமிஷம் ஆகும் என்றான் மாப்பிள்ளை. பன்னிரண்டரை நிமிஷம். நான் நாள்கணக்கில் காத்துக் கிடந்தேன்.

ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர் வாங்கி வந்து, இந்தியா மேப்பை இறக்கி, நேவிட்டின் அமைப்புக் கோப்பில் மாதிரி மேப்பை அணைத்துவிட்டு நம்ம மேப்பின் வழியை எழுதி, ஒரே சாயங்காலத்தில் மாப்பிள்ளை ஓடவைத்துவிட்டான். கேட்கிற புரோகிராம் ஒன்று திறக்கிற வரைக்கும் ஜிபிஎஸ்டி ரிசீவரைத் தொடாதாம், முதலில் இருந்தே தொட வைக்க அதை ஓட்டுகிற கட்டளையில் '-n' (மைனஸ் என்) என்று சேர்த்தான். இப்போது புள்ளி எங்கள் களத்து வேப்பமரத்தடியில் வந்து நிற்கிறது. சின்ன ஊர்ப் பேர் சிலது இல்லை, தோட்டத்துத் தடம் பாதி இல்லை, ஆனாலும் நெட் இல்லாமல் வேலை செய்கிறது. அப்படியென்றால் நான் 38,500 ரூபாய் எதற்குக் கொடுத்தேன்? "போன்லயே ஓஸ்மாண்ட்னு ஒரு மேப் ஆப் போட்டு மேப்பை இறக்கி வச்சா முடிஞ்சுது மாமா" என்று வேறு சொல்கிறான். தெரிந்தவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்தாயிற்று. பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. துண்டுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்தச் செயலியிலும் புகார் அழுத்தினேன். 'விற்பவரை நேரடியாகத் தொடர்புகொள்ளவும்' என்று தானாக ஒரு பதில் வந்தது. பெண் பேருக்குப் போன பணத்துக்காகப் புகார் கொடுக்க நாமக்கல்லுக்கு ஒரு நடை போகலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

எப்படி வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது நேரமில்லை, வண்டி டீசல் போட நிற்கிறது. கடையில் புள்ளி காட்டினால் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள், போன் ஹாட்ஸ்பாட்டையும். லேப்டாப்பை ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து வானத்துக்குக் கீழே காட்டச் சொல்லுங்கள். பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நேவிட்டுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கும் லைசென்ஸ் என்று எவன் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்றிக் கொடுக்கிற கூலி கேட்டால் அது வேறு. வேறு பேருக்கு ஜிபே வேண்டவே வேண்டாம். பில் வாங்குங்கள், பதினெட்டு சதவீதம் போனால் போகிறது.

விளம்பரத்தில் அந்தக் கீறல் இடது மூலையில், பிறை மாதிரி இருக்கும். பார்த்தால் போன் எடுக்காதீர்கள்.