ஜெயிலா, மறுவாழ்வு இல்லமா? புரூக்லின் போட்ட பேரம்

நியூயார்க்கில் 1973-இல், ஆளுநர் ராக்ஃபெல்லர் காலத்தில் வந்த சட்டங்களின்படி, இரண்டாவது முறை பெருங்குற்றத்தில் சிக்கினால் சிறை கட்டாயமாக இருந்தது. தன் போதைக்குக் காசு வேண்டுமென்று தெருமுனையில் பொட்டலம் விற்றவனும் அதில் அடக்கம். நீதிபதி மனம் இரங்கினாலும் வழியிருக்கவில்லை.

1990-இல் நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதியான புரூக்லினின் அரசு வழக்கறிஞர் சார்லஸ் ஹைன்ஸ் வேறொரு வழி வைத்தார். வன்முறையில் இறங்காத, போதைக்கு அடிமையானவர் என்றால் 15 முதல் 24 மாதம் வரை மறுவாழ்வு இல்லத்தில் தங்கிச் சிகிச்சை. முடித்தால் வழக்கு தள்ளுபடி, ஓடினால் ஜெயில்.

சொகுசு என்று நினைக்க வேண்டாம். சமையலும் துடைப்பதும் அங்கே இருப்பவர்கள் வேலைதான். அப்புறம் கூட்டமாக உட்கார்ந்து, கூட இருப்பவன் உன் பொய்யை முகத்துக்கு நேராகச் சொல்வான். ஜெயிலில் பேசாமல் நாளைக் கடத்தலாம். இங்கே அது நடக்காது.

ஆரம்பத்தில் வழக்கையே நிறுத்திவைத்தார்கள். ஒரு வருடம் கழித்து ஆள் ஓடிப்போனால் சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் 1998 முதல் குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும், தண்டனை மட்டும் தள்ளிவைக்கப்படும் என்று மாற்றினார்கள். ஓடியவரைப் பிடிக்கத் தனிக் குழுவும் இருந்தது. என் கணிப்பில், திட்டத்தின் உயிரே, தலைக்கு மேல் தொங்கிய இந்தச் சிறை என்ற கத்திதான். தானாக வந்து சேர்பவர்கள் பலர் சில வாரங்களில் கிளம்பிவிடும் இடங்களில், இவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள்.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று 2003-இல் கணக்குப் பார்த்தது. பாதியில் விட்டவர்களையும் சேர்த்தே, இரண்டு ஆண்டுக்குப் பின் மறுபடி கைதாவது, சிறை சென்று வந்தவர்களைவிட 26 சதவீதம் குறைவு. மறுபடி சிறைக்குப் போவது 67 சதவீதம் குறைவு. செலவு, தலைக்கு ஏறத்தாழ 33,000 டாலர். சிறை வழிக்கு 64,000.

மயாமியில் 1989-இல் தொடங்கிய போதை நீதிமன்றம் இதைவிட மலிவு. வீட்டிலிருந்தே சிகிச்சை, சிறுநீர்ச் சோதனை, அடிக்கடி நீதிபதி முன் ஆஜர். வேலையும் குடும்பமும் இன்னும் கையில் இருப்பவருக்கு அது போதும். வீட்டு வாசலிலேயே பொட்டலம் கிடைக்கும் தெருவில் வசிப்பவரை அப்படி அனுப்புவது சரியாகப் படவில்லை.

புரூக்லின் முறையில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: யாருக்கு இந்த வாய்ப்பு என்று முடிவெடுத்தவர் எதிர்த்து வாதாடும் அரசு வழக்கறிஞரே. அவர் சம்மதம் இல்லாமலே நீதிபதி சிகிச்சைக்கு அனுப்பலாம் என்ற திருத்தம் 2009-இல்தான் வந்தது.