தனிக் கொத்தா, கோத்த கொத்தா?

பெங்களூரு யஷ்வந்த்பூர் பக்கம் அறை எடுத்துத் தங்கி வேதியியல் ஆய்வு செய்யும் தம்பி, தங்கைகளுக்கு வரும் குழப்பம்தான்: மூலக்கூறுகளையே காந்தமாக்கும் மூலக்கூறு காந்த ஆய்வில் இறங்கினால், உலோகக் கொத்துகளை (சில உலோக அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளை) தனித்தனியாக விடுவதா, ஒன்றோடொன்று இணைப்பதா?

தனிக் கொத்து என்றால் மாங்கனீசு-12 அசிடேட்தான். நடுவில் 4 மாங்கனீசு, சுற்றிலும் 8. உள்ளே இருப்பவற்றின் சுழற்சி (ஸ்பின், அதாவது அணுவுக்குக் காந்தத்தன்மை தரும் பண்பு) வெளியே இருப்பவற்றுக்கு எதிராக நிற்பதால், வெளியே உள்ள 16-இல் உள்ளே உள்ள 6 கழிந்து மொத்தச் சுழற்சி 10. 2 கெல்வினில் (சுமார் மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) ஒற்றை மூலக்கூறே மாதக்கணக்கில் காந்தமாக நிற்கும் என்பது 1993-இல் தெரிந்தது. படிகம் நன்றாக விழும், அளவீடும் சுத்தம். ஆனால் அந்தக் குளிரைத் தரும் திரவ ஹீலியம் இல்லாமல் வேலை நடக்காது. அப்புறம் குவாண்டம் ஊடுருவல்: வெளிக் காந்தப்புலம் பூஜ்யமாக இருந்தாலும் காந்தத்திசை, தன்னைப் புரளாமல் காக்கும் ஆற்றல் தடையைத் துளைத்துப் புரண்டுவிடும்.

சரி, இணைத்தால்? இரண்டு மாங்கனீசு-4 கொத்துகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஜோடி சேர்ந்த படிகத்தை 2002-இல் அளந்து காட்டினார்கள். பக்கத்துக் கொத்தின் லேசான தாக்கமே பூஜ்யப் புல ஊடுருவலை அடக்கியது. மூன்று திசையிலும் இறுக்கமாகப் பாலம் போட்டால் பொருள் முழுக்க ஒரே காந்தமாகலாம். ஒற்றை அயனிகளைச் சயனைடால் கோத்த வனேடியம்-குரோமியம் சேர்மம் 1995-இலேயே 315 கெல்வின் (சுமார் 42 டிகிரி செல்சியஸ்) வரை காந்தமாக நின்றது. பெங்களூரு ஏப்ரல் வெயிலையே தாங்கும்! கொத்துகளில் அது சுலபமில்லை. பாலம் நீண்டால் தொடர்பு தளரும். அவசரப்பட்டுக் கலந்தால் படிகத்துக்குப் பதில் பொடிதான் மிஞ்சும்.

என்னைக் கேட்டால், முதலில் தனிக் கொத்து, கை பழகியதும் பாலம். சேரும் முன் ஆய்வகத்தில் ஹீலியம் தட்டுப்பாடு உண்டா என்று மட்டும் சீனியர்களிடம் விசாரித்துவிடுங்கள்.