நான்கு சைனஸ்களும் ஒரு பிளாஸ்டிக் தலையும்

முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பிப்பதற்காகச் சென்ற மாதம் இணையத்தில் வாங்கிய இந்தப் பாதித் தலை மாதிரி, மூக்கைச் சூழ்ந்த சைனஸ்களை, அதாவது எலும்புகளுக்குள் உள்ள காற்றறைகளை, காட்டுவதில் சில இடங்களில் அசத்துகிறது, சில இடங்களில் கைவிடுகிறது.

மிகச் சிறப்பாக அமைந்திருப்பது மேல்தாடை சைனஸ். நடு மூக்குச் சுருளெலும்பைக் கழற்றினால் பிறை வடிவப் பிளவும், அதன் ஆழத்தில் வடிகால் துளையும் தெரிகின்றன. அத்துளை அறையின் தரையில் இல்லாமல் கூரையை ஒட்டி இருப்பதை விரல் வைத்துப் பார்க்கும் மாணவருக்கு, நிமிர்ந்து நிற்கையில் சளி தானாக வடியாது, நுண்மயிர்களே அதை மேல்நோக்கித் தள்ள வேண்டும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தரையில் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் மேடிட்டிருப்பதும் அருமை. பல்வலி என்று வருபவருக்குச் சைனஸ் அழற்சியும், சைனஸ் தொல்லை என்று வருபவருக்குச் சொத்தைப் பல்லும் காரணமாக இருக்கக்கூடும் என்பது அங்கேயே புரிந்துவிடுகிறது.

இரு கண்களுக்கும் இடையே உள்ள எத்மாய்டு சைனஸ் பகுதியில்தான் ஏமாற்றம். கண்குழியிலிருந்து அதைப் பிரிக்கும், காகிதம் போல மெலிந்த எலும்புத் தகட்டை 3 மில்லிமீட்டர் தடிப்பில் வார்த்திருக்கிறார்கள். குழந்தைகளின் சைனஸ் தொற்று அதன் வழியாகக் கண்ணுக்குப் பரவும் என்றால் யார் நம்புவார்? மூக்கின் பின்புறம் ஆழத்தில் உள்ள ஸ்பீனாய்டு சைனஸின் பக்கச்சுவரில் பார்வை நரம்பையும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் உள் கரோட்டிட் தமனியையும் சரியான இடத்தில் தீட்டியிருந்தாலும் வண்ணம் இப்போதே உரிகிறது. நெற்றி சைனஸின் வடிபாதையோ வெறும் கோடு.

அறுவைப் பயிற்சியாளர்கள் இதை மட்டும் நம்பாமல் சி.டி. படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.