கிரீச்சிடும் இரானி ஹோட்டல் நாற்காலி: சில வருடம் உட்கார்ந்து பார்த்ததில்

நாற்காலி உடையவில்லை. ஆடக்கூட இல்லை. முனகுகிறது. ரசம் ஊற்றிக்கொள்ள முன்னால் குனிந்தால் ஒரு கிரீச், நிமிர்ந்து சாய்ந்தால் இன்னொரு கிரீச். நான்கில் ஒன்றுதான் இப்படி. வீட்டுக்கு வருகிறவர்கள் எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ, நேராகப் போய் அதில்தான் உட்காருவார்கள். உட்கார்ந்த வேகத்திலேயே பாதி எழுந்து, "தாங்குமா?" என்று கேட்பார்கள். தாங்கும். நல்ல கனத்த ஆளையும் தாங்கும். சத்தம் போடாமல் தாங்காது, அவ்வளவுதான்.

எந்த நாற்காலி என்று மும்பைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரானிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய இரானி ஹோட்டல்களில் சலவைக்கல் மேசையைச் சுற்றிப் போட்டிருப்பார்களே, வட்ட சீட்டும் வளைந்த முதுகுமாக, அதுதான். 1904இல் தொடங்கிய கியானியில் பன் மஸ்கா சாப்பிட்டவர்களும், 1923இல் தொடங்கிய பிரிட்டானியாவில் பெர்ரி புலாவ் சாப்பிட்டவர்களும் அதில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலத்து ஹோட்டல்கள் ஒவ்வொன்றாக மூட மூட, அவற்றின் நாற்காலிகள் பழைய சாமான் விற்கிற சோர் பஜாருக்கும் ஜோகேஷ்வரி பக்கம் ஓஷிவாரா மார்க்கெட்டுக்கும் வந்து சேர்ந்தன. நான் வாங்கியது சோர் பஜாரில், மட்டன் தெருவில். அழகுக்கு ஓரமாகப் போட்டு வைக்க அல்ல. தினமும் மூன்று வேளை உட்கார்ந்து சாப்பிட.

இப்போது எழுதக் காரணம், சயானில் இருக்கிற நண்பர் ஆறு நாற்காலிகளின் படத்தை அனுப்பி, "ஒரிஜினல் தோனெட்டாம், ஒண்ணு பதினஞ்சாயிரம் சொல்றான், வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். தோனெட் என்பது இந்த வகை நாற்காலியை முதலில் செய்தவரின் பெயர். அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. பிரம்பு மாற்றக் கொடுத்திருந்த நாற்காலி கடையிலிருந்து அப்போதுதான் திரும்பி வந்திருந்தது.

பிரம்பு வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இழுத்துப் பின்னி, ஓரம் கட்டி, தட்டினால் பறை மாதிரி ஒலிக்கிற அளவுக்கு விறைப்பாகச் செய்திருந்தார்கள். ஆனால் போகிற போக்கில், "லேசா சத்தம் வந்துச்சு சார், அதையும் சரி பண்ணிட்டோம்" என்றார் கடைக்காரர். கவிழ்த்துப் பார்த்தேன். கால்களை உள்பக்கமாகச் சேர்த்துப் பிடிக்கிற வளையத்தில் இரண்டு கம்பி ஆணி. ஆணியைச் சுற்றிலும் வெள்ளைப் பசை. அதற்குக் கூலி வாங்கவில்லை, நமக்காகச் செய்ததாம். ஆணியைப் பிடுங்கிப் பசையைச் சுரண்ட இன்னொரு மிஸ்திரிக்குக் கொடுத்தது பிரம்புக் கூலியைவிட அதிகம். அதற்குள் வளையத்தின் மரம் ஆணி ஓட்டையிலிருந்து வெடிப்பு விட்டுவிட்டது. முன்பு வருடத்தில் இரண்டு மூன்று மாதம் முனகிய நாற்காலி, இப்போது பன்னிரண்டு மாதமும் முனகுகிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், இந்த நாற்காலியின் மூளையே அதன் திருகாணிகளில்தான் இருக்கிறது. மிஹாயேல் தோனெட் என்ற ஜெர்மன் தச்சர் வியன்னாவில் குடியேறி, பிள்ளைகளோடு தொழில் நடத்தியவர். ஐரோப்பாவில் வளர்கிற பீச் மரக் கட்டையை ஆவியில் வேகவைத்து, வளைக்கும்போது வெளிப்பக்கம் பிளந்துவிடாமல் ஓர் இரும்புப் பட்டையை அதோடு சேர்த்துக் கட்டி, அச்சில் வளைத்துக் காயவிடுவது அவர் முறை. பட்டை வெளிப்பக்கத்தை நீளவிடாது. உள்பக்கம் நெருக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும். 1856இல் அதற்குக் காப்புரிமை. 1859இல் வந்ததுதான் அவருடைய 14ஆம் எண் நாற்காலி. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். அப்படி அடங்கியதால்தான் அது கப்பலேறி உலகம் முழுக்கப் போயிற்று. துளைக்குள் மரத்தைச் செருகுகிற இணைப்பையோ பசையையோ நம்பிச் செய்திருந்தால் முழு நாற்காலியாக அல்லவா அனுப்ப வேண்டியிருந்திருக்கும்.

ஆக, இது முறுக்க வேண்டிய நாற்காலி. பீச் மரம் ஈரத்துக்கு நிறைய உப்பும், காய்ந்தால் நிறையச் சுருங்கும். மும்பை மழையில் நான்கு மாதம் ஈரக்காற்றைக் குடித்து உப்புகிறபோது, திருகாணியைச் சுற்றியுள்ள நார் இடமில்லாமல் நசுங்குகிறது. மழை நின்று குளிர் காலத்தில் மரம் சுருங்கினால், நசுங்கிய இடம் இடைவெளியாகிவிடும். அதுதான் கிரீச். ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக் கால் திருப்பு திருப்பினால் போயிற்று. மற்ற மூன்று நாற்காலிகளுக்கு நான் செய்வது அவ்வளவுதான், டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆணியைத் திருப்பி இறுக்க முடியுமா? பசை மரத்தோடு சேர்ந்து உப்புமா, சுருங்குமா? அடித்தவருக்கு மரம் தெரியாது என்று சொல்லவில்லை. பர்மா தேக்கில் வேலை பழகியவராக இருக்கலாம். தேக்கு இப்படி அடம் பிடிக்காது.

சரி, நண்பரின் ஆறு நாற்காலிகளுக்கு வருகிறேன்.

"ஒரிஜினல் தோனெட்" என்று கடைக்காரர் சொன்னதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. வளைமர நாற்காலி எல்லாமே மும்பையில் தோனெட்தான், அல்லது "போலந்து". தோனெட்டின் காப்புரிமை 1869இல் முடிந்தவுடன் ஆளாளுக்கு இதைச் செய்யத் தொடங்கினார்கள். அதில் பெரிய போட்டி வியன்னாவின் ஜே. அண்ட் ஜே. கோன். கோன் நாற்காலி தோனெட்டுக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. யார் செய்தது என்று அறிய ஒரே வழி, கவிழ்ப்பது. சீட் வளையத்தின் உள்விளிம்பில் பெயர் குத்தியிருப்பார்கள், அல்லது காகித லேபிள் ஒட்டியிருப்பார்கள். லேபிள் பெரும்பாலும் போயிருக்கும். குத்திய எழுத்து பாலிஷுக்கு அடியில் மங்கலாகக் கிடக்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் தெரியும். என்னுடையவற்றில் இரண்டில் "போலந்து" இருக்கிறது, ஒன்றில் பாதி எழுத்து, நான்காவதில் ஒன்றுமில்லை.

நாட்டின் பெயர் இருந்தால் அதுவே பாதி ஜாதகம். ஆஸ்திரியா என்றிருந்தால் 1918க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே 1918இல்தான் பிறந்தது. தோனெட்டின் மொராவியத் தொழிற்சாலைகள் அதற்குள் வந்துவிட்டன. போலந்தும் நாடாக மீண்டு வந்தது அதே வருடம். ராடோம்ஸ்கோ என்ற ஊரில் தோனெட், கோன் இருவருக்குமே ஆலை இருந்தது. ஆக, "போலந்து" முத்திரையைக் காட்டி "நூத்தம்பது வருஷப் பழசு" என்று சொல்கிறவரிடம் சிரித்துவிட்டு விலையைப் பேசுங்கள்.

முத்திரை இல்லையென்றால் மரத்தைப் பார்க்க வேண்டும். சீட்டுக்கு அடியில் பாலிஷ் தேய்ந்த இடம் எங்காவது இருக்கும். பீச் என்றால் வெளிறிய இளஞ்சிவப்பு மரத்தில் குட்டிக் குட்டியாகப் பழுப்புக் கீற்றுகள் தெரியும். தேக்கிலோ மா மரத்திலோ அப்படி வராது. அப்புறம் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடுகிற கோடு. உண்மையாக வளைத்த மரத்தில் ரேகை வளைவோடு சேர்ந்தே ஓடும். ஓஷிவாராவில் செய்கிற நகல்களில் பல, பலகையிலிருந்து வளைவாக அறுத்து ஒட்டுப் போட்டவை. அவற்றில் ரேகை நேராகப் போய் வளைவின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். சீட் வளையத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். ஒரே பட்டையை வளைத்து, இரண்டு முனையையும் சாய்வாகச் சீவிச் சேர்த்த நீளமான ஓர் ஒட்டு மட்டும் இருந்தால் நல்லது. நான்கு துண்டு, நான்கு ஒட்டு என்றால் அது வேறு ஜாதி.

திருகாணித் தலையில் ஒற்றை வெட்டு இருக்க வேண்டும். கூட்டல் குறி போட்ட தலை 1930களில் வந்தது. ஒன்றிரண்டில் அது இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள், பரவாயில்லை. எல்லாவற்றிலும் இருந்தால் நாற்காலி முழுக்கப் பிரித்துச் சேர்த்ததாகவோ புதிதாகவோ இருக்கலாம். புதிது என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் இன்றும் இதே நாற்காலியை நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் பழையது என்ற விலையைப் புதியதுக்குக் கொடுப்பானேன்?

பிரம்பு சீட்டை அடியிலிருந்து பாருங்கள். வளையத்தைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டு, துளைக்குத் துளை கையால் பின்னியிருந்தால் பழைய முறை. துளையே இல்லாமல், மேலே ஒரு காடி வெட்டி, மில்லில் நெய்த பிரம்புத் தாளை அதில் அழுத்திக் குச்சி அடித்திருந்தால் பின்னால் வந்தது, அல்லது மலிவான மராமத்து. துளையையும் வைத்துக்கொண்டு மேலே பிளைவுட் அடித்திருப்பார்கள் சிலர். அதைக் கழற்றினால் நல்ல வளையம் கிடைக்கலாம், அல்லது பூச்சி தின்ற வளையம் கிடைக்கலாம். பீச் பூச்சிக்குப் பிடித்த சாப்பாடு. நாற்காலியைத் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டையிலிருந்து மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளேதான் இருக்கிறது; மற்ற மர சாமான்களோடு அதைச் சேர்க்கவே கூடாது.

நண்பரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறும் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. பழைய அவலரக்கு (ஷெல்லாக்) பாலிஷ் இத்தனை வருடம் கழித்து அப்படி மின்னாது, புது மெலமைன் பாலிஷ் மின்னும். புதுப் பூச்சு ஒன்றும் குற்றமில்லை, ஆனால் அடியில் இருக்கிற முத்திரையையும் ரேகையையும் சேர்த்து மூடிவிடும். கீழே வளையத்தில் திருகாணி தெரிய வேண்டிய இடத்தில் வழுவழுவென்று இருந்தது. அதாவது மக்கு, மர ஓட்டையை அடைக்கிற பூச்சு, வைத்து மூடியிருக்கிறார்கள். மக்குக்குள் திருகாணி இருக்கிறதோ ஆணி இருக்கிறதோ, எனக்கு இப்போதிருக்கிற மனநிலையில் ஆணி என்றுதான் தோன்றுகிறது.

இவ்வளவு திட்டியதால் இதையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாற்காலியில் நான் எதிர்பார்க்காதது அதன் பிரம்பு. மே மாதம் மின்விசிறிக்கு அடியிலும் வியர்த்து ஊற்றுகிற செம்பூரில், சீட்டுக்கு அடியிலிருந்து காற்று வருகிற நாற்காலி எவ்வளவு பெரிய சுகம் என்பது மெத்தை வைத்த டைனிங் செட்டில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பிரம்பு தொய்ந்தால் உடனே மாற்றவும் வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, பாலிஷ் படாத அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியை நன்றாக ஒற்றி, நிழலில் இரவு முழுக்க விட்டால் காலையில் இழுத்துக்கொண்டு விறைப்பாகிவிடும். ஏற்கெனவே அறுந்ததற்கு இது உதவாது, தொய்ந்ததற்கு மட்டும். வறண்ட ஊரில் பிரம்பு நொறுங்கும். இங்கே காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் வருடக் கணக்கில் உழைக்கிறது. திருகாணியைக் கெடுக்கிற அதே காற்றுதான் பிரம்பைக் காப்பாற்றுகிறது. எதைப் பாராட்டுவது, எதைத் திட்டுவது?

எடையும் அப்படித்தான். பெண் ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போகிறாள். கூட்டிப் பெருக்க வருகிற அக்கா, "இது மட்டும்தான் இந்த வீட்டுல நகருது" என்கிறார். முதுகு வளையம் சட்டை மாட்டுவதற்கும் நல்லது, எங்கள் வீட்டில் அதுதான் அதன் முழுநேர வேலை.

ஆனால் அம்மா இதில் உட்காருவதே இல்லை. கை வைக்க இடமில்லாததால் எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, முழங்கால் வலி இருப்பவர்களுக்கு இது சரிப்படாது. அவருக்குக் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிதான். அதை நான் முகம் சுளிக்காமல் பார்க்கப் பழகிவிட்டேன். சாப்பாட்டுக்கு மேல் நீண்ட நேரம் உட்கார்ந்து வேலை செய்யவும் இது ஆகாது. டீ குடிக்கிற நேரத்துக்கு மேல் ஹோட்டல்காரர் யாரையும் உட்காரவைக்க விரும்பியிருக்க மாட்டார் என்பது முதுகுக்குப் புரிகிறது.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: வேண்டாம். ஆறும் வேண்டாம், நாலும் வேண்டாம், அந்த விலையில் ஒன்றுகூட வேண்டாம். "நீங்க மட்டும் தினமும் அதுல உட்கார்ந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டார். ஆமாம், என் நாற்காலிகளுக்குத் திருகாணி இருக்கிறது, மூன்றுக்காவது. மக்கைச் சுரண்டிக் காட்டக் கடைக்காரர் சம்மதித்தால், உள்ளே ஒற்றை வெட்டுத் தலை தெரிந்தால், பிறகு என்னைக் கேட்கலாம். அவர் சம்மதிக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மழை முடிந்து, நான்காவது நாற்காலிக்கு வளையம் மாற்றி, அது வாயை மூடிய பிறகு கேட்டிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன். வளையம் செய்ய பீச் கட்டை கிடைக்கவில்லை. தேக்கில் செய்யலாம் என்கிறார் மிஸ்திரி. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.