நீள இடுக்கியும் நீச்சல்குள வலையும்: உம்கேனிக் கரையில் எட்டு மாதம்

போன ஆகஸ்டில் குனியாமல் குப்பை எடுக்கிற நீள இடுக்கி ஒன்று வாங்கினேன். கடையில் அதற்குப் பெயர் பிக்கர். அலுமினியக் குழாய், ஒரு முனையில் கையால் அழுத்தும் விசை, மறு முனையில் ரப்பர் பதித்த இரண்டு தாடைகள். நீளம் 82 சென்டிமீட்டர். விலை 189 ராண்ட். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கேனி ஆறு கடலோடு சேருகிற ப்ளூ லகூனில் மாதம் இரண்டு சனிக்கிழமை குப்பை எடுக்கும் ஒரு சின்னக் குழுவோடு போகிறேன். எட்டு மாதமாக இந்த இடுக்கிதான் என் கையில் இருக்கிறது. குழுவுக்கு வரலாமா என்று கேட்கிறவர்கள் அடுத்ததாகக் கேட்பது, "என்ன வாங்கிட்டு வரணும்?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

டர்பனுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ப்ளூ லகூனுக்குப் போனால் நம்மவர்கள் அதிகம் வாழும் புறநகர்களான சாட்ஸ்வொர்த்தில் பாதியும் ஃபீனிக்ஸில் பாதியும் அங்கேதான் இருக்கும். காரைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி நிறுத்தி, பானட்டின் மேல் காகிதத்தை விரித்து, பன்னி சௌவை, அதாவது குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றியதை, பிய்த்துச் சாப்பிடுவார்கள். சுவரோரமாகத் தூண்டில்கள் வரிசையாக நிற்கும். என் மாமனார் ஐம்பது வருஷம் அங்கே மீன் பிடித்தவர். 1998-ல் நான் தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வாரமே என்னை அங்கேதான் கூட்டிப்போனார்கள். ஆறு கடலில் விழுகிற சத்தத்தைக் கேட்டபோதுதான் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்ற தைரியம் வந்தது. 1951-லிருந்து நடக்கும் டூசி படகுப் பந்தயம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிளம்பி மூன்றாம் நாள் முடிவதும் இந்தக் கரையில்தான்.

உம்கேனி 232 கிலோமீட்டர் ஓடி வருகிறது. மேலே ஹோவிக்கில் 95 மீட்டர் அருவியாக விழுந்து, வழியில் மொத்தம் நான்கு அணைகளைத் தாண்டி, கடைசியாக நகரத்துக்கு நடுவே வருகிறது. கடைசி அணையான இனாண்டாவுக்குக் கீழே எந்த ஓடையில் எது விழுந்தாலும் அது வந்து சேருகிற இடம் எங்கள் முகத்துவாரம்தான். சில இடங்களில் ஆற்றின் குறுக்கே மிதவைத் தடுப்பு கட்டிக் குப்பையைப் பிடிக்கிறார்கள், அது நிறையவே உதவுகிறது. ஆனால் பெருமழைக்கு ஆறு தடுப்புக்கு மேலேயே ஏறி ஓடிவிடும்.

சரி, இடுக்கிக்கு வருகிறேன்.

பாட்டில், டின், சிப்ஸ் பாக்கெட், பிரியாணி வாங்கி வந்த ஃபாயில் தட்டு, இதையெல்லாம் அருமையாக எடுக்கும். ஒரு பையை நிரப்பப் பதினைந்து நிமிடம் போதும், இடுப்பு வலி கிடையாது. எனக்கு வயது 52. இடுக்கி இல்லாமல் போன முதல் இரண்டு தடவையும் மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. கரையோரப் பெரிய கற்களின் இடுக்கில் உடைந்த பீர் பாட்டில்கள் கிடக்கும், கை விட முடியாது. அங்கே இந்தத் தாடை நேராக உள்ளே போய்க் கண்ணாடித் துண்டைக் கவ்விக்கொண்டு வருகிறது.

மீன்பிடிக்கிறவர்கள் அறுத்துவிட்டுப் போகும் தங்கூசி என்கிற நைலான் நரம்புக்கும் இதைவிட நல்ல கருவி இல்லை. முள்ளோடு சேர்ந்து சிக்கிக் கிடக்கும் நரம்பை முனையில் பிடித்து, இடுக்கியைச் சுழற்றினால் நூல்கண்டு போலச் சுற்றிக்கொள்ளும். நான் கடற்கரையில் வளர்ந்தவள், தங்கூசி என்ன செய்யும் என்று தெரியும். போன நவம்பரில் ஒரு கூழைக்கடா, ஒரு சிறகில் நரம்பு சுற்றிப் பறக்க முடியாமல் மணல்திட்டில் உட்கார்ந்திருந்தது. பறவை மீட்பு ஆட்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது. அன்றிலிருந்து மற்ற எதையும் விட நரம்பைத்தான் முதலில் தேடுகிறேன்.

வட கரையில் பீச்வுட் கண்டல்காடு இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட இடம். அனுமதி வாங்கி இரண்டு முறை உள்ளே போனோம். வெண்கண்டல் மரங்களைச் சுற்றி மூச்சு வேர்கள் பென்சில் நட்டு வைத்தது போல மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மிதித்தால் மரம் மூச்சுவிடுகிற வழியையே உடைத்ததாகிவிடும். சேற்றில் ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள குட்டி நண்டுகள் வளைவளையாகத் தோண்டி வைத்திருக்கும். அங்கே நின்ற இடத்திலிருந்தே எட்டி எடுக்க 82 சென்டிமீட்டர் சரியாக உதவியது. இன்னும் ஒரு முழம் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நீள மாடல் 120 சென்டிமீட்டரில் கிடைக்கிறது. ஆனால் எங்கள் குழுவில் ஒருவரிடம் இருப்பதைப் பிடித்துப் பார்த்தேன், முனை ஆடுகிறது, பாதி நிரம்பிய பாட்டிலைக்கூடத் தாங்கவில்லை.

இனிக் குறைகள். மூன்றாவது மாதமே உள்ளே ஓடும் இழுகம்பி அறுந்துவிட்டது. முகத்துவாரத் தண்ணீர் பாதி உப்பு. கம்பி துருப்பிடித்து, முறுக்கு விட்டுப் போயிருந்தது. கடைக்கு எடுத்துப் போனேன். ரசீது இருந்தும், "வெளியில உபயோகிச்சா நாங்க பொறுப்பில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குப்பை பொறுக்கும் கருவியை வீட்டுக்குள்ளேயா உபயோகிப்பார்கள்? எனக்கு அது நியாயமாகவே படவில்லை. மாமனார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். கம்பியை உருவிவிட்டு, தடித்த தங்கூசியை மூன்று இழையாகப் பின்னி உள்ளே விட்டுக் கட்டினார். ஐந்து மாதமாக அதுதான் ஓடுகிறது. வாங்குகிறவர்கள் முடிந்தால் உள்ளே கம்பிக்குப் பதில் நைலான் கயிறு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

பெரிய குறை வேறு. இந்த இடுக்கியால் எடுக்க முடியாததுதான் அங்கே அதிகம்.

மழைக்கு அடுத்த சனிக்கிழமை போனால், ஆகாயத்தாமரையும் நாணலும் சுள்ளியும் ஒரு கோடு போட்ட மாதிரி கரையில் ஒதுங்கியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு வெறும் சருகுதான். அதைக் கையால் விலக்கினால் கீழே தெர்மோகோல் மணி மணியாகக் கொட்டிக் கிடக்கும். சாப்பாட்டு டப்பா உடைந்தது, பாட்டில் மூடி, லாலிபாப் குச்சி, காது குடையும் குச்சி. அப்புறம், ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள். முதலில் எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பிளாஸ்டிக் சாமான் செய்யத் தொழிற்சாலைக்குப் போகும் மூலப்பொருள் அது. 2017 அக்டோபர் புயலில் டர்பன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இரண்டு கண்டெய்னர் கடலில் விழுந்து, 49 டன் மணி சிதறியது. அலை அதைக் கடற்கரை நெடுகக் கொண்டுபோய்ப் போட்டது. நான் எடுக்கிற மணி அந்தச் சரக்கா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று சொல்ல வழியில்லை. மீன் முட்டை என்று நினைத்துப் பறவையும் மீனும் விழுங்கிவிடும் என்பது மட்டும் நிச்சயம். இடுக்கியின் தாடைக்கு அந்த மணி அகப்படாது. ஒரு மணி நேரம் முயன்று, தெர்மோகோல் டப்பாக்களை மேலும் நொறுக்கியதுதான் மிச்சம்.

இங்கே கைகொடுத்தது நீச்சல்குளத்தில் இலை அள்ளும் வலை. பக்கத்து வீட்டில் குளத்தை மூடித் தோட்டம் போட்டார்கள், வலையைச் சும்மா கொடுத்தார்கள். புதிதாக வாங்கினாலும் இடுக்கியைவிட அதிகம் ஆகாது. அதன் கோலைப் பாதியாக அறுத்துக்கொண்டேன். செய்முறை இதுதான்: ஒதுங்கிய சருகையும் அதன் கீழே உள்ள மேல்மண்ணையும் வாளியில் அள்ளி, ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, குச்சியால் கலக்க வேண்டும். மணல் அடியில் தங்கும், பிளாஸ்டிக் மேலே மிதக்கும். எண்ணெய்ச்சட்டியிலிருந்து பூந்தியை அரித்து எடுக்கிற மாதிரி வலையால் அரித்து எடுத்துவிடலாம். சருகும் கூடவே மிதக்கும், அதைப் பொறுக்கிக் கரையிலேயே போட்டுவிட வேண்டும். நண்டு குஞ்சு இருந்தால் முதலில் அதை விடுங்கள். வேலை மெதுவாகத்தான் நகரும். ஒரு காலை முழுக்கச் செய்தால் ஐந்து லிட்டர் வாளியில் பாதி சேரும். பைக்கணக்கில் எடுக்கிறவர்களுக்குப் பக்கத்தில் அது அற்பமாகத் தெரியும். ஆனால் பாட்டிலை நாளைக்கும் எடுக்கலாம். மணி இன்னொரு மழைக்குக் கடலுக்குள் போய்விடும், அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வலையை வாங்குங்கள்.

இடுக்கியை நான் பயன்படுத்தாத பொருள் ஒன்று உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டிலிருந்து போவது. தேங்காய், எலுமிச்சை, மண்சட்டி, மஞ்சள் துணி, சாமி படம், கற்பூரம் வைத்த பிளாஸ்டிக் தட்டு. ஆடி மாதக் கூழ் முடிந்ததும், புரட்டாசியிலும், காவடி சமயத்திலும் கரை முழுக்க இவைதான் கிடக்கும். முதல் தடவை ஒரு மாரியம்மன் படத்தை இடுக்கியால் தூக்கிக் குப்பைப் பையில் போடப் போனேன். குழுவில் எழுபத்தைந்து வயதுக்கு மேலான ஓர் ஆயா இருக்கிறார். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத அப்படித் தூக்காதம்மா. கையால எடு."

"சரிங்க ஆயா. எங்க போடறது?"

"போடறது இல்ல. எங்கிட்ட குடு."

அவர் ஒரு துணிப்பை கொண்டுவருகிறார். படங்களை அதில் வைத்து எடுத்துப்போய், கண்ணாடியையும் சட்டத்தையும் பிரித்து, காகிதத்தை வீட்டுத் தோட்டத்தில் புதைக்கிறார். தேங்காயை மரத்தடியில் போடுகிறார். பிளாஸ்டிக் தட்டு மட்டும் மறுசுழற்சிக்கான ஆரஞ்சுப் பைக்குப் போகிறது. யார் வீட்டு வேண்டுதலோ, அதை யாரும் அவமதிக்கவில்லை, ஆறும் சுத்தமாகிறது. அவரைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் வாழையிலையில் கற்பூரம் வைக்க ஆரம்பித்தோம். இந்தக் கரையில் தோட்டம் போட்டு வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். 1917 அக்டோபர் வெள்ளத்தில் அவர்களின் தகரக் குடிசைகள் ஆற்றோடு போனபோது, படவட்டான் சிக்ஸ் என்று இன்றும் சொல்லப்படும் ஆறு மீனவர்கள் ஒரு படகை மறுபடி மறுபடி வெள்ளத்தில் தள்ளி 170-க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். இந்த ஆற்றை நாம் சாமி என்று கும்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதில் பிளாஸ்டிக்கைப் போட ஒரு காரணமும் இல்லை.

மற்றவை சுருக்கமாக. கையுறை கட்டாயம், மெல்லிய சமையலறைக் கையுறை வேண்டாம், முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகிப் பல மாதம் கடற்கரைகளையே மூடி வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் இந்தத் தண்ணீர் கையில் படாமல் பார்த்துக்கொள்கிறேன். கையில் புண் இருந்தால் அன்று வராதீர்கள். காலுக்கு கம்பூட்ஸ், செருப்பு வேண்டவே வேண்டாம், தூண்டில் முள் செருப்பைத் துளைத்து ஏறும். தொப்பி, குடிக்கத் தண்ணீர். பை குழுவே கொடுக்கும். பாட்டில்களைத் தனியாகக் கட்டி வையுங்கள், தள்ளுவண்டியில் வரும் இரண்டு பேர் அவற்றை எடுத்துப்போய் விற்பார்கள், அது அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு.

இன்னொன்று, நேரம். கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் கூடுகிறோம், அதனால் ஒரு வாரம் காலை ஆறரை, இன்னொரு வாரம் ஒன்பது என்று மாறும். புதிதாக வருகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கிறது, எனக்கும் முதலில் இருந்தது. ஒரு முறை ஏற்றத்தில் போய்ப் பார்த்தேன், சருகுக்கோடு முழுக்கத் தண்ணீருக்குள். எடுக்க எதுவுமில்லாமல் திரும்பினேன்.

மதிப்பெண் கேட்டால், இடுக்கிக்கு ஐந்தில் மூன்று, மாமனார் பழுதுபார்த்த பிறகு நான்கு. வலைக்கு ஐந்து. வலை வாங்கும்போது கண்ணைப் பாருங்கள்: ஜவ்வரிசியை அதில் போட்டால் ஒன்றுகூடக் கீழே விழக்கூடாது. நான் கடையிலேயே ஒரு பிடி ஜவ்வரிசி கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துத்தான் ஆயாவுக்கு ஒன்று வாங்கினேன்.