ஒரே இடமா, கூப்பிட்ட இடமா?

பேஸ்பால் இன்ஃபீல்டில், அதாவது பேஸ்களை ஒட்டிய உள்வட்டத்தில், ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்வதா, யுட்டிலிட்டி ஆளாகச் சொன்ன இடத்தில் நிற்பதா?

பெயர்: ஷார்ட்ஸ்டாப்பிலேயே (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே) நின்ற ஓஸி ஸ்மித், சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளோவ் விருதை 13 முறை வாங்கினார். யுட்டிலிட்டிக்கென்று தனி கோல்ட் குளோவ் வந்ததே 2022-இல்தான்.

பை: ஒரே இடத்து ஆளுக்கு ஒரு கையுறை போதும். யுட்டிலிட்டி ஆளுக்கு இரண்டாம் பேஸுக்குச் சின்னது, மூன்றாம் பேஸுக்குப் பெரியது, முதல் பேஸுக்கு விரல் பிரியாத மிட். மூன்றையும் பழக்கி மிருதுவாக்கவே பொறுமை தீர்ந்துவிடும்.

வேலை: 26 பேர் அணியில் பொதுவாக 13 பேர் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்). மட்டை பிடிக்கிற 9 பேர் போக பெஞ்சில் 4 பேர்தான். அதில் ஒருவர் மாற்று கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்). மிச்ச இடங்களுக்கு, பல இடம் தெரிந்தவரைத்தான் மேனேஜர் தேடுவார்.

பென் ஸோப்ரிஸ்ட் மாதிரி இடம் மாறி மாறி ஆடியும் 2016 வேர்ல்ட் சீரிஸின் (அமெரிக்க பேஸ்பால் லீகின் இறுதித் தொடர்) சிறந்த ஆட்டக்காரர் ஆவது அபூர்வம்.

கையும் காலும் அபாரம் என்றால் ஷார்ட்ஸ்டாப்பை விடாதீர்கள். மட்டை சுமார்தானா? சரி, மூன்று கையுறை வாங்கிவிடுங்கள்.