கதை கேட்டுத் தூங்குவது: இரண்டரை வருட அனுபவம்

என் தூக்கம் கெட்டது வேலையால். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி வாரம் முடிந்து வீட்டில் படுத்தால் உடம்பு அசந்து கிடக்கும், மண்டை மட்டும் பெட்டி நம்பர் எண்ணிக்கொண்டிருக்கும். வீடு கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டுக்கு ரொம்பத் தள்ளி இல்லை. நின்ற கூட்ஸ் வண்டி கிளம்பும்போது பெட்டிக்குப் பெட்டி இடித்துக்கொண்டு ஒரு சத்தம் போகும் பாருங்கள், அது இந்த முனையில் தொடங்கி அந்த முனை போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டு கிடப்பேன். அப்புறம் அடுத்த வண்டி எப்போது என்று கிடப்பேன். வீட்டுக்காரி படுத்தால் இரண்டு நிமிஷம். அவள் மேல் பொறாமையாகவே இருக்கும்.

மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். படுத்தபின் போனைப் பார்க்காதீர்கள் என்றும் சொன்னார். பார்க்கத்தானே கூடாது, கேட்கலாம் இல்லையா? அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பாட்டு போட்டேன், சரிவரவில்லை. பிடித்த பாட்டு வந்தால் கூடவே பாடத் தோன்றுகிறது. செய்தி கேட்டால் கோபம் வருகிறது. கடைசியில் பழைய நாவல்களை யாராவது வாசிக்கக் கேட்பதில் வந்து நின்றேன். இரண்டரை வருடம் ஆகிறது. பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பத்து நாளில் ஏழெட்டு நாள் அரை மணி நேரத்துக்குள் தூங்கிவிடுகிறேன். ஆனால் எந்தக் கதை, யார் குரல் என்பதில் தப்பு செய்தால் இருக்கிற தூக்கமும் போகும். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் செய்வதுபோல நானும் பொன்னியின் செல்வனில்தான் தொடங்கினேன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் வாசித்துப் போடலாம். நிறையப் பேர் போட்டும் இருக்கிறார்கள். முதல் அத்தியாயம் தூக்கத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கும். ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரை மேல் வந்தியத்தேவன். அவசரமே இல்லை. ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய், அதன் வழியாகத் தண்ணீர் பாய்கிறது. நான் அந்த எழுபத்து நான்கையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பிப்பேன். இருபதைத் தாண்டிய ஞாபகம் இல்லை. (அந்த ஏரிதான் இன்றைய வீராணம். 2004இலிருந்து அங்கிருந்து சென்னைக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. எங்கள் தெருவில் வருவது எந்தத் தண்ணீர் என்று கேட்டால் லாரிக்காரருக்கே தெரியாது.)

சிக்கல் அதற்குப் பிறகு. வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகைக்குப் போய், நடுராத்திரியில் சிற்றரசர்கள் ரகசியக் கூட்டம் போடுகிற இடம் வந்ததும் எனக்குப் பளிச்சென்று விழிப்பு தட்டிவிட்டது. அன்றைக்கு மணி இரண்டரை. அடுத்ததைக் கேட்டுவிடலாம், அதற்கடுத்ததையும் கேட்டுவிடலாம் என்று போய்க்கொண்டே இருந்தேன். பிறகுதான் உறைத்தது. 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு முடிச்சைப் போட்டு, அடுத்த வாரம் வரை ஆளைத் தவிக்க விடுவதுதான் அதன் தொழிலே. தவிக்க விடுவதற்காகக் கட்டிய கதையைப் போட்டுக்கொண்டு தூக்கம் வரவில்லை என்றால் குற்றம் யாருடையது? இப்போதும் பொன்னியின் செல்வன் கேட்கிறேன், ஆனால் முதல் மூன்று அத்தியாயம் மட்டும், திரும்பத் திரும்ப. நன்றாகத் தெரிந்த கதையில் ‘அப்புறம் என்ன’ என்ற கேள்வியே வராது. அந்தக் கேள்வி வராவிட்டால் தூக்கம் வரும்.

அதனால் இன்னும் பின்னால் போனேன். பிரதாப முதலியார் சரித்திரம். மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி 1879இல் வெளிவந்தது, தமிழில் முதல் நாவல். இதில் கதை நேராகப் போகாது. ஒருவர் ஒரு கருத்தைச் சொல்வார், அதற்கு ஒரு உபகதை வரும், அந்த உபகதைக்குள் இன்னொரு நீதி வரும், எங்கே கிளம்பினோம் என்று நமக்கே மறந்துபோகும். உட்கார்ந்து படிக்கிறவருக்குப் பொறுமை வேண்டும். படுத்துக் கேட்கிறவனுக்கு இதைவிடச் சுகம் கிடையாது. வடமொழி கலந்த நீள நீளமான வாக்கியங்கள். வினைமுற்று வருவதற்குள் கண் சொக்கிவிடும். கமலாம்பாள் சரித்திரமும் நல்ல சரக்கு. அதுவும் விவேக சிந்தாமணி என்ற பத்திரிகையில் தொடராக வந்ததுதான் என்றாலும், போகப் போக வேதாந்தத்தில் இறங்கிவிடுவதால் எனக்கு இரண்டாம் பாதி இன்னும் முழுதாகத் தெரியாது.

ஆங்கிலத்திலும் பார்த்தேன். லிப்ரிவாக்ஸ் என்று ஒன்று 2005 முதல் நடக்கிறது. காப்புரிமை இல்லாத புத்தகங்களை ஆர்வமுள்ளவர்கள் சம்பளம் வாங்காமல் வாசித்து இலவசமாகப் போடுகிறார்கள். அதில் மோபி டிக் எடுத்தேன். 1851இல் வந்த திமிங்கில வேட்டைக் கதை, 135 அத்தியாயம். முப்பத்திரண்டாவது அத்தியாயம் முழுக்கத் திமிங்கிலத்தை ரகம் பிரிக்கிற வேலைதான். புத்தக அளவுக்குச் சொல்வார்களே ஃபோலியோ, ஆக்டேவோ என்று, அப்படித் திமிங்கிலங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டே போகிறான் கதை சொல்கிறவன். திமிங்கிலம் மீன்தான், தண்ணீரைப் பீய்ச்சுகிற, வால் படுக்கையாக இருக்கிற மீன் என்று அடித்துச் சொல்கிறான். காசிமேட்டு ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மீன் ரகம் பிரிப்பதைக் கேட்பதில் தனி நிம்மதி. நான் ஃபோலியோவைத் தாண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள மண்டை கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கிறது. களைப்பான நாளில் சரி, தினசரிக்குத் தமிழ்தான்.

குரலைப் பற்றி. நடிப்பவர்கள் வேண்டாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் வைத்து, பழுவேட்டரையர் வந்தால் உறுமி, நடுவே வாள் சத்தம், குதிரைக் குளம்பு, அத்தியாயம் முடிந்ததும் வீணை. அவ்வளவு உழைப்பையும் மதிக்கிறேன், பகலில் பஸ்ஸில் கேட்கிறேன். ராத்திரிக்கு ஏற்ற சரக்கு அது இல்லை. நான் விடாமல் கேட்கிற ஒரு அம்மா இருக்கிறார், பெயர்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிறார் போல. பின்னால் மின்விசிறி ஓடுகிறது. பக்கம் புரட்டுவது கேட்கும். ஒரு இடத்தில் குக்கர் விசில் அடிக்கும். வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு மூன்றாவது விசில் வரை பேசாமல் இருப்பார், எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அதை வெட்டி எடுக்கத் தெரியவில்லையோ, வேண்டாம் என்று விட்டாரோ. எனக்கு அந்த இடம் வந்தாலே கொட்டாவி வரும். ழகரம் சுத்தம். வேகம் மட்டும் கொஞ்சம் அதிகம், 0.85இல் வைத்தால் சரியாக இருக்கிறது. அதற்கும் கீழே போனால் குடித்தவர் பேசுவதுபோல ஆகிவிடும்.

கருவி விஷயத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. காதுக்குள் வைக்கிற இயர்போன் ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும், இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன். இப்போது போனின் ஸ்பீக்கரே போதும், ஃபேன் சத்தத்துக்கு மேல் ஒரு பிடி. முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகக் கேட்டால் நடுவில் விளம்பரம் வரும். ஒருநாள் அரைத் தூக்கத்தில் சிமென்ட் விளம்பரத்துக்குத் துள்ளி எழுந்து உட்கார்ந்தேன். டைமர் வைப்பது அவசியம். இருபது நிமிஷம் குறைவு, முப்பதுதான் சரி என்று ஆறு மாதத்தில் கண்டுபிடித்தேன். அந்தக் கணக்கைத்தான் என் அம்மா கெடுத்தது.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. ஹாலில் கட்டிலில் படுப்பாள், நான் அதே ஹாலில் கீழே. எனக்காகப் போட்ட கதையை அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே ஒரு மாதம் வரை எனக்குத் தெரியாது. ஒருநாள் இருட்டில் குரல் வந்தது.

“இன்னாடா, ஏரில கணவா இருக்குன்றா? ஏரில ஏதுடா கணவா?”

“அது மதகும்மா.”

“மதகுன்னா மதகுன்னு சொல்றது.”

அப்பா இருந்தவரை ராத்திரியில் திண்ணையில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை வாசிப்பார். கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் பதிப்பு, அட்டை கிழிந்து தைத்தது. தெருவில் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே ‘உம்’ கொட்டுவாள். ‘உம்’ நின்றால் அப்பாவும் நிறுத்திவிடுவார். இத்தனை வருஷம் கழித்து, குக்கர் அம்மா வாசிக்க, கட்டிலிலிருந்து என் அம்மா ‘உம்’ கொட்டுகிறாள். அந்த அம்மாவுக்கு அது கேட்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். “கேக்கலன்னா இன்னா” என்றாள்.

ஆக, எனக்குத் தூக்கம் வரவழைக்கிற கதை அவளைத் தூங்க விடுவதில்லை. அதில் எனக்கு ஒரு லாபம். நான் தூங்கித் தவறவிட்டதை எல்லாம் காலையில் காபிக்கு அவள் சொல்லிவிடுகிறாள். பிரதாப முதலியாரில் எனக்குத் தெரிந்த பாதி அம்மா சொன்னதுதான். ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு விக்கிரமபுரிக்கு ராஜாவாகிற கட்டம் கதையிலேயே பெரிய கட்டம். நான் நாலு தடவை கேட்க உட்கார்ந்து நாலு தடவையும் தூங்கியிருக்கிறேன். “நீ கெடக்கற நைனா. அவ புருசனுக்கே ராஜா யாருன்னு தெரியல. இவ மேல ஒக்காந்துனு நாயம் தீக்கறா. ஒருத்தனும் கண்டுபுடிக்கல, பாத்துக்கோ.” முன்சீப்பின் நீள வாக்கியங்கள் எல்லாம் போய், கதை மட்டும் எங்கள் தெருப் பேச்சில் நிற்கிறது. சொல்லப்போனால் இது இன்னும் நன்றாக இருக்கிறது.

தொந்தரவும் இருக்கிறது. எனக்கு ராத்திரி ஷிப்ட் வரும் வாரத்தில் அவள் கேட்க வேண்டும் என்பதற்காகப் பழைய போன் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தேன். ஏழு ராத்திரியில் பதினைந்து அத்தியாயம் போய்விடுகிறாள். அப்புறம் பகல் வாரத்தில் நான் என் இடத்திலிருந்து போட்டால், “இது ஆயிப்போச்சே” என்கிறாள். அவள் இடத்திலிருந்து போட்டால் கதாபாத்திரங்கள் எனக்குப் புதிது, யார் என்று தெரிந்துகொள்ள விழித்துக்கொள்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் கேட்பதாக இருந்தால் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

டைமர்தான் இன்னும் பெரிய வம்பு. முப்பது நிமிஷத்தில் கதை நின்றதும், நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிற என்னைக் கட்டிலிலிருந்து காலால் தட்டி எழுப்புகிறாள். “டேய், நின்னுபோச்சி. போடு.” தூங்குவதற்காகப் போட்ட கதையைத் தூக்கத்திலிருந்து எழுந்து மறுபடி போட்டுவிட்டுப் படுக்கிறேன். போன மாதத்திலிருந்து டைமர் ஒன்றரை மணி நேரம்.